ஹெரால்டு வண்டியின் பின்கதவு

கொட்டிவாக்கத்தில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவனுக்கு முதல் விரோதி சமுத்திரம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும் தகரத்தின்மேல் சாயங்காலம் கடற்காற்று வந்து உப்பைத் தடவிவிட்டுப் போக, கதவின் அடிவிளிம்பிலும் தரைத்தகட்டின் மூலைகளிலும் விளக்கைச் சுற்றிய வளையத்திலும் வர்ணத்துக்கு உள்ளேயே துரு ஏறி, வெளியில் ஒரு சிறு கொப்புளமாகத் தலைகாட்டும்போது உள்ளே பாதித் தகடு போய்விட்டிருக்கிறது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற நீண்ட, மேடுபள்ளமில்லாத பாதையும் இதே ஊர் வழியாகத்தான் போகிறது. மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றவே நகரத்தில் இடம் கிடைக்காத வயோதிக வண்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாமல்லபுரம் வரை ஓடித் திரும்பும் பாக்கியம் இந்தச் சாலையால்தான் சித்திக்கிறது. எனவே வண்டிக்கு ஆகாத காற்றையும் வண்டிக்கு உகந்த சாலையையும் ஒருங்கே அனுபவித்துக்கொண்டு, திருவான்மியூர் முதல் பாலவாக்கம் வரை பழைய வண்டி அபிமானிகள் சிலர் காலம் தள்ளி வருகிறோம்.

பழைய வண்டி அபிமானிகளைப் பற்றிப் பொதுஜனங்களிடையே நிலவும் அபிப்பிராயம் அவ்வளவு சிலாக்கியமானதன்று. வருஷத்துக்கு ஒருமுறை அணிவகுப்பு நடக்கிறது. பத்திரிகைகளில் பளபளக்கும் படங்கள் வருகின்றன. தலைப்பாகை கட்டிக்கொண்டு யாரோ ஒருவர் ரோல்ஸ் ராய்ஸின் படியில் காலை வைத்து நிற்கிறார். இது செல்வர்களின் விளையாட்டு என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. சமஸ்தானங்களின் பெருமை குன்றிய காலத்தில் அரண்மனைக் கொட்டகைகளில் நின்ற உயர்ந்த ரக வண்டிகளை அந்நிய நாட்டார் அற்ப விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததும், எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்த ஏற்றுமதிக்குக் கதவடைக்க வேண்டியதாயிற்று. அந்த வர்க்கத்து வண்டிகளைப் பற்றி எனக்கு விசாரம் கிடையாது. பணமும் பிரபலமும் அவற்றைக் காப்பாற்றும். நான் இங்கே பேச முற்பட்டது, டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரி ஆசிரியர்களும் தவணையில் வாங்கி, மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராயநகர்க் குறுக்குத் தெருக்களிலும் இருபது முப்பது வருஷம் ஓட்டித் தேய்த்த நடுத்தரக் குடும்பத்து வண்டிகளைப் பற்றி.

இந்த நகரத்துக்கு அப்படிப்பட்ட வண்டிகளோடு உள்ள சம்பந்தம் வெறும் வாங்கி ஓட்டிய சம்பந்தம் மட்டுமன்று. 1903-ஆம் வருஷத்திலேயே சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிச் சேர்த்து வெளியே விட்டது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன அசோக் லேலண்டின் பூர்வாசிரமம் கார்தான் என்பது இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. தெற்கே, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி வான்கார்டு, எயிட், டென் என்று வரிசையாகச் செய்து, 1961-இல் ஹெரால்டுக்கு வந்து சேர்ந்தது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு பியட் என்றால் சென்னைக்கு ஹெரால்டு. மற்ற இரண்டும் இந்த நூற்றாண்டையும் கண்டுவிட்டன. பியட் பிரீமியர் பத்மினியாகி இந்த நூற்றாண்டின் வாசலில் நின்றது; அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. நம்முடையது 1972-இல் கெசல் என்று பெயரும் உருவமும் மாறி, 1977-இல் நின்றது. அந்தக் கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு ஒருமுறை எழுந்து பார்த்து, சில வருஷங்களில் அடங்கிவிட்டது.

நான் வைத்திருப்பது ஒரு நான்கு கதவு ஹெரால்டு. அதன் லக்ஷணங்களைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். சொல்ல வந்த விஷயம் அந்தக் கதவுகளில்தான் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்த இந்த வண்டிக்கு உருவம் கொடுத்தவர் மிக்கேலொட்டி என்ற இத்தாலியர். மற்ற கம்பெனிகள் சட்டமும் உடம்பும் ஒன்றாக வார்த்ததுபோன்ற வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இதற்கு மட்டும் பழைய முறைப்படி அடியில் தனிச் சட்டம் வைத்து, அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட்டுப் போட்டு முடுக்கினார்கள். பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினால் எங்கே வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம் என்பது அதிலிருந்த சௌகரியம். முன்பக்கத்துப் பானட், இரு புறத்துச் சிறகுகளோடு சேர்ந்து அப்படியே முன்னால் மடங்கித் திறந்துவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினைக் கழற்றலாம். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. கபாலி கோயில் தெற்கு மாடவீதியில் காய்கறி வண்டிகளுக்கு நடுவே இதன் அருமை தெரியும். இங்கிலாந்தில் என்ஜினை மேலும் மேலும் பெரிதாக்கிக்கொண்டு போனார்கள். நாம் கடைசிவரை 948 சி.சி. என்ஜினோடு நிறுத்திக்கொண்டோம்.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஹெரால்டுகளெல்லாம் இரண்டு கதவு வண்டிகள். நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று அங்கே வெளிவந்ததேயில்லை. பாட்டியும் மாமியும் முன்னாசனத்தை மடக்கி வளைந்து நெளிந்து பின்னால் ஏறவேண்டிய அவஸ்தையை உத்தேசித்தோ என்னவோ, அறுபதுகளின் பிற்பகுதியில் வண்டலூர்க் கம்பெனியார் தாமாகவே நான்கு கதவு வண்டி ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பலன் என்னவென்றால், இன்று என் வண்டிக்கு பிஸ்டன் வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். அங்கே டிரையம்ப் அபிமானிகள் சங்கம் வைத்து நடத்துகிறார்கள், பழைய பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. கார்புரேட்டரின் ஊசி முதல் கிளட்ச் தட்டு வரையில் பணம் அனுப்பினால் தபாலில் வரும். பின்கதவு வராது. அந்தக் கதவின் கண்ணாடி, அதன் ரப்பர் பீடிங், கண்ணாடியை ஏற்றி இறக்கும் யந்திரம், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி — இவையெல்லாம் உலகத்தில் வேறெங்கும் செய்யப்படாதவை, இந்த நகரத்தின் தெற்கு எல்லையில் ஒரு தொழிற்சாலையில் சில வருஷ காலம் செய்யப்பட்டு, பிறகு யாராலும் செய்யப்படாமல் நின்றுவிட்டவை. மிஞ்சியிருப்பவை இருக்கும் இடங்கள்: புதுப்பேட்டை, சில மெக்கானிக்குகளின் பரண், மூடிக் கிடக்கும் சில கார் ஷெட்டுகள், எங்களைப் போன்றவர்களின் கட்டிலுக்கு அடி.

புதுப்பேட்டையைப் பற்றிச் சினிமாவும் வதந்தியும் சேர்ந்து உண்டாக்கிய பிம்பம் ஒன்றிருக்கிறது. காலையில் காணாமற்போன வண்டி மத்தியானத்துக்குள் அங்கே கதவு வேறு, சக்கரம் வேறாகத் தொங்கும் என்பார்கள். அப்படிப்பட்ட காரியங்கள் நடந்ததேயில்லை என்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில், ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும் கியர் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு துண்டு இரும்பைக் கையில் வாங்கிப் பார்த்து, இது இன்ன வண்டியின் இன்ன வருஷத்து ஸ்டீயரிங் கைப்பிடி, அடுத்த வருஷம் இதில் ஒரு துவாரத்தை எடுத்துவிட்டான் என்று சொல்லக்கூடிய ஞானம் வேறெந்தச் சர்வகலாசாலையிலும் போதிக்கப்படுவதில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுச்சரக்கு வைத்து விற்கும் கடைக்காரர், "அந்த வண்டிக்கெல்லாம் இப்ப எதுவும் வர்றதில்ல சார்" என்று கையை விரித்த பிறகு போக வேண்டிய இடம் புதுப்பேட்டைதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விபரீதமாகத் தோன்றக்கூடிய ஒரு விஷயம் இந்த வியாபாரத்தில் உண்டு. என்ஜினின் உள்ளுறுப்புக்கள்தான் கிடைப்பதற்கு அரியவை என்று நினைப்போம், அவைதாம் சுலபமானவை. கிங் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கேஸ்கெட்டைத் தாளின்மேல் வைத்துச் சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டிக்கொள்ளலாம். பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் வண்டியின் பெயரே வேண்டியதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்ற மூன்று அளவுகளைச் சொன்னால் போதும், பழைய வண்டியின் பேரிங் இன்றைக்கு எந்த யந்திரத்திலோ வேறு காரியத்துக்காகச் சுழன்றுகொண்டிருக்கும். அகப்படாதவை எவையென்றால், ரப்பரும் கண்ணாடியும் பளபளப்பும்தான். பின்விளக்கின் சிவப்பு மூடி, கண்ணாடியைச் சுற்றிய பீடிங், கம்பெனியின் பெயர் பொறித்த சின்னம், கதவுக் கைப்பிடி: இவற்றை லேத்தில் கடைய முடியாது, அச்சு அடித்து நூறு செய்யலாமென்றால் வாங்க நூறு பேர் இல்லை. ஆகையால் ஓடுவதற்கு அவசியமானது எளிதாகவும், பார்ப்பதற்கு அவசியமானது அரிதாகவும் ஆகிவிட்டது.

இந்த நிலைமையில் பணத்தைவிடப் பரிவர்த்தனைக்கே அதிக மதிப்பு. என்னிடம் பியட்டின் பின்விளக்கு மூடி இருக்கும். எனக்கு அது எதற்கு? அடையாற்றில் ஒருவரிடம் பியட் இருக்கிறது, ஹெரால்டின் வைப்பர் மோட்டார் அவரிடம் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவான மெக்கானிக் ஒருவர் சொன்னால்தான் இந்தச் சேதி ஒருவருக்கொருவர் தெரியும். கொடுக்கல் வாங்கலுக்கென்று எழுதாத தர்மங்கள் சில உண்டு. ஜோடியாக இருப்பதைப் பிரித்துக் கேட்கலாகாது. ஓடும் வண்டி நிற்கிறதென்று ஒருவர் வந்தால், அலங்காரத்துக்காக நாம் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய பாகத்தை அதிக விலைக்கு வெளியூர்க்காரருக்கு விற்றவனுக்கு அடுத்த முறை யாரும் ஒன்றும் தரமாட்டார்கள். இந்தத் தர்மங்களை மீறிக்கொண்டு, இரண்டு வண்டிக்குப் பதினைந்து வண்டியின் சாமானைக் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டு, எவர் கேட்டாலும் "இல்லை" என்று சாதிக்கும் மகானுபாவர்களும் எங்களிடையே இல்லாமற்போகவில்லை. துரு ஒரு வண்டியைத் தின்ன இருபது வருஷம் ஆகும். இவர்கள் ஒரே சொல்லில் அதைச் செய்துவிடுகிறார்கள்.

பாகங்களின் கதை இப்படியென்றால் புத்தகங்களின் கதை இன்னும் பரிதாபமானது. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று தினுசான புத்தகங்கள் உண்டு. சொந்தக்காரருக்கென்று கம்பெனி கொடுத்த சிறு கையேடு. பட்டறைக்காரருக்கென்று அச்சிட்ட பெரிய வழிகாட்டி. ஒவ்வொரு திருகாணிக்கும் நம்பர் கொடுத்து, வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படம் போட்ட பாகப் பட்டியல். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே சிரேஷ்டமானது. நம்பர் தெரிந்தால்தான் இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே சாமானைப் பற்றிப் பேசுகிறார்களா என்பது நிச்சயமாகும். பட்டறை வழிகாட்டியோ அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாத விஷயங்களைச் சொல்லும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிடிவ் முனையைத்தான் சட்டத்தோடு இணைத்தார்கள்; இன்றைய பழக்கத்தில் மாற்றி இணைத்தால் டைனமோவுக்கு ஆபத்து. பழைய மாரிஸ் என்ஜின்களில் போல்ட்டின் மரை மெட்ரிக் அளவு, அதன் தலை மட்டும் ஆங்கில விட்வொர்த் அளவு. 1923-இல் மாரிஸ் வாங்கிய கவெண்ட்ரித் தொழிற்சாலை ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. மரை வெட்டும் யந்திரங்கள் பிரெஞ்சு யந்திரங்கள். ஆங்கிலேய மெக்கானிக்கிடம் இருந்ததோ ஆங்கில ஸ்பானர். இந்தச் சரித்திரம் தெரியாமல் கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போட்டு முடுக்குகிறவன் சிலிண்டர் பிளாக்கின் மரையை நாசமாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

இப்படிப்பட்ட புத்தகங்கள் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைத்தன. 1985-ஆம் வருஷத்து மே மாதத் தீயில் அது போயிற்று. லஸ் முனை நடைபாதைக் கடைகளிலும் திருவல்லிக்கேணியிலும் அதன் பிறகு ஒன்றிரண்டு தலைகாட்டின. இப்போது அவை அழிகிற மார்க்கம் வேறு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராயநகரிலும் பழைய பங்களாக்கள் அடுக்குமாடிகளாக மாறும்போது முதலில் இடிபடுவது கார் ஷெட். அதில் நின்ற வண்டியை எடைக்குப் போட்டாலும் ஒருவேளை புதுப்பேட்டையில் அதன் அங்கங்கள் பிழைத்துக் கிடக்கும். ஷெட்டின் அலமாரியிலிருந்த புத்தகமோ பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறி, அன்று மாலைக்குள் கூழாகிற வழியைப் பார்த்துப் போய்விடுகிறது. நாங்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். படங்களிருந்த இடத்தில் கறுப்புத்தான் தெரியும். ஆனால் மெக்கானிக்கின் கைபட்ட ஒரு அசல் பிரதி கிடைத்தால் அதன் அழகே தனி. கிரீஸ் விரல் ரேகைகளோடு, ஓரத்தில் பென்சிலால், இதற்குப் பதில் இன்ன வண்டியின் சாமான் சேரும், அரை நூல் தேய்க்க வேண்டும் என்று தமிழில் எழுதியிருக்கும் குறிப்புகளைக் கம்பெனியார் அச்சிட்ட வரிகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன். அவர்கள் எழுதியது அந்த வண்டி கவெண்ட்ரியில் எப்படி இருக்க வேண்டுமென்பதை. இவர் எழுதியது அது சென்னையில் எப்படிப் பிழைத்தது என்பதை.

வண்டிகளைக் காட்சிக்கு வைக்க நம்மவர்கள் தவறவில்லை. கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயர் சொல்லும் ஸ்தாபனத்தார் அவினாசி சாலையில் 2015-இல் கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023-இல் முதலமைச்சர் திறந்துவைத்த அருங்காட்சியகத்தில் எம்.எஸ். குகன் சேகரித்த கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. தியாகராயநகர் ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவில்லத்தில் டி.எம்.எக்ஸ். 4777 என்ற அம்பாசடரை இன்றும் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவையெல்லாம் போற்றத்தக்க காரியங்கள். ஆனால் நிற்கிற வண்டியைப் பார்க்கலாம். ஓடுகிற வண்டியை ஓட்டிக்கொண்டேயிருக்கத் தேவையான வித்தையை அங்கே பார்க்க முடியாது. அந்த வித்தை தாளிலும் மெக்கானிக்கின் ஞாபகத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1952-இல் மோட்டார் அருங்காட்சியகத்தை ஆரம்பித்த மான்டேகு பிரபு, 1967 முதல் அதே இடத்தில் பழைய பாகங்களும் புத்தகங்களும் கைமாறும் சந்தையையும் நடத்த ஏற்பாடு செய்தார்; இன்றுவரை அது நடக்கிறது. கேய்டன் என்ற இடத்திலுள்ள மற்றொரு காட்சிசாலையில் பழைய கம்பெனிகளின் பேரேடுகளையே பாதுகாத்து வைத்துக்கொண்டு, அடிச்சட்ட நம்பரைச் சொன்னால் அந்த வண்டி எந்தத் தேதியில் எந்த வர்ணத்தில் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது என்று அத்தாட்சிப் பத்திரம் தருகிறார்கள். வண்டலூரில் பிறந்த வண்டிக்கு அப்படி ஒரு ஜாதகம் இருக்கக்கூடாதா?

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொட்டிவாக்கத்துக்கு அடுத்தாற்போல் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், அறிஞர்கள் குப்பையென்று ஒதுக்கியிருக்கக்கூடிய நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் கலியாணப் பத்திரிகைகளையும் சேர்த்துக்கொண்டே போனார். அவர் காலத்துக்குப் பின், 1994-இல், அந்தச் சேகரம் பொது நூலகமாயிற்று. இன்று தமிழ்நாட்டின் சமூக சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் அதன் படியேறாமல் எழுத முடியாது. ஒருவருடைய பொழுதுபோக்கு நாட்டின் சொத்தாவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த நூலகமோ, கோட்டூர்புரத்து அண்ணா நூலகமோ, எதுவாயினும் ஒரு அறையை ஒதுக்கி, ஸ்டாண்டர்டு, ஆஸ்டின், அம்பாசடர், பியட் முதலிய வண்டிகளின் பாகப் பட்டியல்களையும் பட்டறை வழிகாட்டிகளையும் சேகரித்து, படமெடுத்து, கேட்டவருக்குப் பிரதி கொடுக்க முன்வந்தால், எங்களில் பலர் பூட்டி வைத்திருப்பதை மனமுவந்து கொண்டுபோய்ச் சேர்ப்போம். அப்படிச் சேர்க்க மறுக்கும் மகானுபாவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓரக்குறிப்புகள் எழுதப்பட்ட பிரதிகளுக்கு முதலிடம் தர வேண்டுமென்பது மட்டும் என் வேண்டுகோள். அறுபது எழுபது வயதை எட்டிவிட்ட மெக்கானிக்குகளை உட்கார்த்தி வைத்து, எந்த வண்டிக்கு எந்தச் சாமான் சேரும் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் இன்னும் உத்தமம்.

இனிச் சட்டத்தைப் பற்றி. 2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினசரி உபயோகத்துக்கும் கூலிக்கும் ஓட்டக்கூடாது. அணிவகுப்புக்கும் கண்காட்சிக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். பொதுவில் இது நல்ல ஏற்பாடு. பழைய எம்.எஸ். நம்பரை இழந்துவிடுவோமோ என்ற பயம் தீர்ந்ததே பெரிய லாபம். கூலிக்கு ஓட்டக்கூடாதென்ற விதியால் கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர்களுக்குச் சங்கடம்தான்; எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் இரண்டு விஷயங்களில். முதலாவது, ஐம்பது என்ற வயது. உலகத்துப் பழைய வண்டிச் சங்கங்களுக்கெல்லாம் தலைமையாக 1966-இல் ஏற்பட்ட ஃபீவா என்ற சம்மேளனம் முப்பது வயதையே வரம்பாக வைத்திருக்கிறது. நம் சட்டப்படி ஹெரால்டுகள் தேறிவிட்டன. கெசல் வண்டிகளில் கடைசியாக வந்தவை 2027-இல் தேறும். 1983 டிசம்பரில் முதன்முதலாகச் சாலைக்கு வந்த மாருதி 800 தேறுவதற்கு 2033 முடிய வேண்டும். அதுவரையில் அதற்குத் தகுதிச் சான்று, பசுமை வரி, ஐந்து வருஷத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பித்தல் என்று எல்லாமுண்டு; இருபது வயதைத் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியும் விட்டார்கள். அழித்துவிடு என்று ஒரு கை தள்ளுகிற முப்பது வருஷத்தைத் தாண்டி வந்தால்தான் வாழ்க என்று மறு கை மாலை போடும். இந்திய நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கையை மாருதி 800 மாற்றியதைப்போல் வேறெந்த வண்டியும் மாற்றவில்லை. அதன் முதல் வருஷங்களைச் சேர்ந்தவை எத்தனை அந்த மாலையைப் பெறப்போகின்றன என்பது யோசிக்கத்தக்கது. அனைத்துக்கும் முப்பது என்று வைக்க அரசாங்கம் தயங்கினால், உற்பத்தி நின்றுபோன இந்திய வண்டிகளுக்கு மட்டுமாவது அந்தச் சலுகையைத் தரலாம்.

இரண்டாவது, அசல் உருவம் என்ற நிபந்தனை. அடிச்சட்டத்திலோ உடம்பிலோ என்ஜினிலோ மாறுதல் செய்யப்பட்ட வண்டிக்கு இந்தப் பதிவு கிடையாது. இதை எழுதியவர்கள், வண்டிகள் எல்லாம் ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு தூங்கின என்று எண்ணிவிட்டார்கள்போல் தோன்றுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடியில் முழு வண்டிகளின் இறக்குமதி நின்றது. 1953-இல் வரி ஆணையத்தின் சிபாரிசை ஒட்டி, பூட்டிச் சேர்ப்பதோடு நில்லாமல் இங்கேயே உற்பத்தி செய்பவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று ஆயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிக்கொண்டு போயிற்று. செவர்லேயும் டாட்ஜும் பிளைமவுத்தும் வைத்திருந்தவர்கள் உதிரி பாகமின்றித் தவித்த அந்தக் காலத்தில்தான் சிம்சன் கம்பெனி செம்பியத்தில் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்ய ஆரம்பித்தது. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் அமெரிக்க என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை உட்கார்த்தி, பெரிய கார்களை இன்னும் இருபது வருஷம் டாக்ஸியாகவும் குடும்ப வண்டியாகவும் ஓடவைத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். அப்படிப்பட்ட பிளைமவுத் ஒன்றைச் சட்டம் கறைபட்டதாகக் கருதுகிறது. இந்த நாட்டின் அந்தக் காலத்தை அப்படியே சுமந்துகொண்டிருக்கும் ஒரே சாட்சி அதுதான் என்று நான் கருதுகிறேன். வண்டி தன் உழைக்கும் காலத்தில் அடைந்த மாறுதல்களையும் அதன் சரித்திரமாகவே மதிக்க வேண்டுமென்ற கருத்து, மேலே சொன்ன சம்மேளனத்தாரின் டூரின் சாசனத்தில் 2012-லேயே இடம்பெற்றுவிட்டது. போன வருஷம் போட்ட ஜப்பானிய என்ஜினையும் குளிர்சாதனத்தையும் ஒதுக்குங்கள். அறுபதுகளில் போட்ட செம்பியத்து என்ஜினை ஒதுக்காதீர்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாறுதல் அன்றே பதிவாகியிருந்தால் அதுவே போதிய பிரமாணம்.

காற்றை அசுத்தப்படுத்தும் பழைய வண்டிகளுக்கு இத்தனை பரிவு எதற்கென்று கேட்பவர்கள் உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஓடும் வண்டிகள் செய்யும் கெடுதல், இந்தக் கடற்கரைச் சாலையில் தினந்தோறும் சோழிங்கநல்லூருக்குப் போய்வரும் புது வண்டிகள் செய்வதில் எத்தனையில் ஒரு பங்கு என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். உண்மையில் இப்போது அசௌகரியப்படுவது நாங்கள்தான். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து வர ஆரம்பித்த பிறகு, அக்காலத்து ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள்விரிப்பும் ஊறிப்போய்க் கெடுகின்றன; எத்தனால் தண்ணீரை ஈர்ப்பதால் நின்றே கிடக்கும் வண்டியின் டாங்கியில் உள்ளிருந்தும் துரு பிடிக்கிறது. வெளியே சமுத்திரம், உள்ளே எத்தனால் என்றாகிவிட்டது எங்கள் நிலைமை. எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பரில் புதிய குழாய் போடுவதுதான் வழி. பானட்டைத் திறக்கிற பரிசோதகர் அதை அசலுக்கு விரோதமான மாறுதல் என்று எழுதாமலிருக்க வேண்டும்.

வெகுநாளாக என்னிடம் நான்கு கதவு ஹெரால்டின் வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி இரண்டு இருக்கிறது, கீறலில்லாமல். தேவையானது இடப்பக்கத்துக்கு ஒன்று. பரிவர்த்தனைக்குச் சம்மதம், ஜோடியைப் பிரிக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தமாட்டேன்.